ரோஜாப்பூக் கணக்கு

"உம்மா, இது நீங்களா எழுதின?"

சோறு வடித்துக்கொண்டிருந்த பீபியின் முன்னால் அம்றா போனை நீட்டினாள். பள்ளிக்கூடச் சீருடையை அவள் இன்னும் மாற்றவில்லை. ஜும்ஆத் தொழுகைக்குப் போன வாப்பா சார்ஜில் விட்டுப்போன போன் அது.

முஸ்லிம் பெண்பிள்ளைகளின் கல்யாண வயதைப் பதினெட்டாக்கலாமா என்று ஓர் அரசாங்க அமைச்சு தன் பேஸ்புக் பக்கத்தில் கேட்டிருந்தது. சட்டம் எழுதுமுன் பெண்களின் வாயாலேயே கேட்க வேண்டுமாம். நல்ல எண்ணம்தான். பீபியின் தெருவில் பெண்களின் வாய் யார் கையில் இருக்கிறது என்பது மட்டும் அமைச்சுக்குத் தெரியவில்லை.

அங்கே பெண்ணின் முகத்தைப் பேஸ்புக்கில் போடுவது மானக்கேடு. ஆகவே மனைவி பெயரில் கணவனே கணக்குத் திறப்பான், முகத்துக்குப் பதில் ரோஜாப்பூ வைப்பான், பிறகு தானே எழுதுவான். தனக்கும் அப்படியொரு ரோஜா இருப்பது பீபிக்கு அன்றுதான் தெரிந்தது. அது எழுதியிருந்தது: "பதினைந்து வயதில் எனக்குத் திருமணம் நடந்தது. மிகவும் சந்தோஷமாக வாழ்கிறேன். சட்டத்தை மாற்ற வேண்டாம்."

பானையை அப்படியே வைத்துவிட்டு பீபி அழுதாள். பதினாறில் அவள் பெற்ற முதல் பிள்ளை மூன்று நாள்தான் இருந்தது. அன்று கெட்ட இடுப்பு இன்றும் ஒரு வாளித் தண்ணீர் தூக்க விடாது. இப்போது அம்றாவுக்குப் பதினாறு. மாப்பிள்ளை பலாபத்வலயில் கடை வைத்திருப்பவர், வயது முப்பத்தொன்று. அடுத்த மாதம் நிக்காஹ், அதற்கடுத்த மாதம் பதினோராம் வகுப்பு ஓ.எல். பரீட்சை.

கணவர் அப்துல் ஸமத் வந்து சாப்பிட உட்கார்ந்ததும் பீபி அதைப் பற்றிக் கேட்டாள். அவர் சோற்றுப் பீங்கானிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"ஒனக்கும் சேத்துத்தானே நான் எழுதின. இதுல கேக்க என்ன இருக்கு?"

சாப்பிட்டு அவர் கண்ணயர்ந்ததும் பீபி முக்காட்டைச் சரிசெய்துகொண்டு சுவரோரம் நின்றாள். அம்றா வாப்பாவின் போனிலேயே படம் பிடித்தாள். கணக்கில் ரோஜா போய் பீபியின் முகம் வந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் நாட்டுக்கு ஒரு சொல் எழுதினாள்: "இது என்ட முகம். முதல் எழுதினது நான் இல்லை. என்ட மகள் படிக்கணும்."

அமைச்சின் பதில் உடனே வந்தது. சகோதரி பீபியின் கருத்து ஏற்கெனவே பதிவாகிவிட்டதாம், ஒருவருக்கு ஒரு கருத்து மட்டும்தானாம். அவள் எழுதியதை நீக்கிவிட்டார்கள்.

முகம் மட்டும் நின்றது. படத்தை மாற்றினால் பழைய கருத்தின் பக்கத்திலும் அதே முகம்தான் வரும் என்பது அவசரத்தில் இருவருக்கும் தோன்றவில்லை.

திங்கட்கிழமை அமைச்சு பெண்களின் கருத்துகளை வெளியிட்டது. ரோஜா, ரோஜா, மல்லிகை, ரோஜா. எல்லாவற்றுக்கும் மேலே பெரிதாக பீபி. அழுது வீங்கிய கண், பக்கத்தில் "மிகவும் சந்தோஷமாக வாழ்கிறேன்". துணிந்து முகம் காட்டிப் பேசிய சகோதரிக்கு அமைச்சு நன்றி சொல்லியிருந்தது.

மானம் போயிற்று என்று ஸமத் அவளை அறைந்தார். கருத்தை மட்டும் அவர் அழிக்கவில்லை.

அடுத்த மாதம் நிக்காஹ் பதிவில் அம்றாவிடம் யாரும் கையெழுத்துக் கேட்கவில்லை. அவளுக்கும் சேர்த்து வாப்பாவே வைத்தார்.