கன்னிக்கு எடுக்கும் பாவாடை

வந்த பெண்ணை வேலுச்சாமி உட்காரச் சொல்லவில்லை. காமயகவுண்டன்பட்டியில் அவர் வீட்டு முன்கூடத்தில் நாலு நாற்காலிகள் கிடந்தன. ஒன்றில் அவர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். எழுபத்தாறு வயதிலும் முதுகு சாயாதவர். வந்தவள் எஸ்தர், பள்ளிக்கூட டீச்சர், ஓய்வு பெறும் வயது. இருதயத்தின் தம்பி மகள் என்று சொல்லிக்கொண்டுதான் படியேறினாள். அறுபத்தேழு வருடங்களாக அந்த வாசலில் யாரும் உச்சரிக்காத பெயர் அது.

ஐம்பத்தெட்டாம் வருடம் வேலுச்சாமியின் அத்தை ஜக்கம்மா தோட்டத்துக் கிணற்றில் பிணமாக மிதந்தாள். பள்ளத்தாக்கு முழுக்கப் பேசிய கொலை. கொலைச்சிந்து அச்சடித்துச் சந்தைக்குச் சந்தை பாடி விற்றார்கள். கன்னி ஜக்கம்மாவை வழிமறித்துக் கெடுக்கப் பார்த்து, முடியாமல் கிணற்றில் தள்ளிய பாவி இருதயம் என்றது பாட்டு. 'அவ என் பொண்டாட்டி' என்று அவன் கோர்ட்டில் கத்தியதையும் சிந்துக்காரன் விடவில்லை. சனங்கள் சிரிக்க அதை ஓரடியாக்கி வைத்திருந்தான். இருதயம் பன்னிரண்டு வருடம் சிறையில் கிடந்தான். ஜக்கம்மா வீட்டுச்சாமி ஆனாள். மாசிப் படையல்தோறும் அவளுக்கென்று வைத்த சாமிப்பெட்டியில் புதுத் துணி வைப்பார்கள். வாழ்ந்து செத்தவளுக்குச் சேலை, கன்னியாகச் செத்தவளுக்குப் பாவாடை சட்டை. ஜக்கம்மாவுக்குப் பாவாடைதான்.

எஸ்தர் ஒரு ஜெராக்ஸ் தாளை நீட்டினாள். அவர் கை நீட்டாததால் பக்கத்து நாற்காலியில் வைத்தாள்.

"மலைமேல ஏலத்தோட்டத்து மாதா கோயில்ல இருந்த பழைய கல்யாண ஏடுங்கய்யா. இப்பத்தான் கெடைச்சது. மதலேனாள்னு ஞானஸ்நானம் குடுத்திருக்காக. பக்கத்துலயே ஜக்கம்மான்னும் எழுதியிருக்கு. வயசு இருபத்தொண்ணு. எங்க பெரியப்பாவும் அவுகளும் மூணு மாசம் அந்த மலையிலயே குடும்பம் நடத்தியிருக்காக. திருவிழாவுக்கு வான்னு அண்ணன்மாரு ரெண்டு பேரும் வந்து கூட்டிட்டுப் போனாக. எட்டாம் நாளு கெணத்துல."

"அன்னைக்குக் கோர்ட்டுல காட்டியிருக்க வேண்டியதுதான?"

"அந்த மலைக்குப் போயி உங்க ஆளுகளத் தாண்டி ஏட்ட எடுத்துட்டு வர யாருக்குத் தைரியம் இருந்துச்சு?"

"இப்ப என்ன வேணும்? பேப்பர்ல போடணுமா?"

"கேசும் வேணாம், பேப்பரும் வேணாம். வர்ற படையலுக்கு ஒரு சேலை வைங்க. அவுக கல்யாணம் ஆனவுக. அது போதும்."

வேலுச்சாமி எழுந்தார். "டீச்சர், உங்க பெரியப்பன் உயிரோட இருந்த காலத்துலயே எங்க தெருவுக்குள்ள வரல. நீங்க வந்துட்டீக. பொம்பளையாப் போனீக. எறங்குங்க."

"எறங்குறேன். ஆனா நான் சொன்னது பொய்யின்னு ஒரு வார்த்தை சொல்லலையேய்யா நீங்க."

அவள் தெருமுனை திரும்பும்வரை அவர் நின்றுகொண்டே இருந்தார். பொய் என்று ஏன் சொல்லவில்லை? அப்பா சங்கிலி ஆஸ்பத்திரிக் கட்டிலில் மூச்சுத் திணறியபோது சொன்னது நினைவுக்கு வந்தது. 'நானும் தம்பியுந்தான்டா.' அவ்வளவுதான் சொன்னார். அதைக் கேட்ட நாளிலிருந்து வேலுச்சாமி இன்னும் விறைப்பாக நடந்தார். பங்காளித் தலைக்கட்டு முழுக்கத் தன் முதுகின்மேல் நிற்பதாக நினைத்தார். சொன்னவர் போய்விட்டார், கேட்டவர் ஒருவர்தான். அவரோடு அது மண்ணுக்குள் போய்விடும். அப்படித்தான் நம்பியிருந்தார்.

தாளைக் கசக்கிக்கொண்டு சமையல்கட்டுப் பக்கம் போனார். மனைவி ராஜாத்தி அடுப்படியில் ஆறிப்போன காபியைப் பார்த்தபடி நின்றிருந்தாள். மருமகள் பாண்டீஸ்வரி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"என்ன கதை கட்டிட்டுப் போறா பாத்தியா? எங்கப்பா கொலகாரராம்."

"எனக்குத் தெரியும்" என்றாள் ராஜாத்தி.

"என்ன தெரியும்?"

"கட்டிக்கிட்டு வந்த மூணாம் நாளு உங்கம்மா என்னயத் தோட்டத்துக்குக் கூட்டிட்டுப் போனாக. எட்டிப் பாருன்னாக. இங்கன ஒருத்தி தானாப் புருசனத் தேடிக்கிட்டா, ஓம் மாமனாரும் அவரு தம்பியுந்தான் தூக்கிப் போட்டாக, அவுகளே எங்கிட்டச் சொன்னாக, ஆத்தா, நீயும் பாத்து நடந்துக்கன்னாக. அவுக மாமியா அவுகளுக்கு வேற கெணத்தக் காட்டியிருப்பாக, யாரு கண்டா."

ஆண்கள் கும்பிட்ட சாமி ஒன்று. பெண்களுக்குக் காட்டிய கிணறு ஒன்று. ஐம்பது வருடமாக அவர் பூட்டி வைத்திருந்ததை, வீட்டுக்கு வந்த ஒவ்வொரு பெண்ணுக்கும் திறந்து காட்டியிருக்கிறார்கள்.

"நானும் விடல. இவளயும் அங்கன கூட்டிட்டுப் போயிக் காட்டுனேன்" என்று ராஜாத்தி மருமகள் பக்கம் கை காட்டினாள். அவள் குரல் அங்கே மட்டும் இறங்கியது.

பாண்டீஸ்வரி நிமிரவில்லை. "ஆறு மாசம் அந்தக் கெணத்துத் தண்ணிய நான் குடிக்கல மாமா. தேனியில காலேஜுல படிக்கிறாளே உங்க பேத்தி, அவளுக்கு நான் காட்ட மாட்டேன்."

"வாய மூடுறியா? நாளக்கழிச்சுப் படையல். ராஜாத்தி, பாவாடை எடுத்தாச்சா?"

"எடுக்கல. எடுக்கவும் மாட்டேன்."

"ஏ, யாருகிட்டப் பேசுற?"

"உங்ககிட்டத்தான். செத்த பெறகும் அவளக் கல்யாணம் கட்டவிடல நீங்க. பாவாடைதான் வைக்கணும்னா நீங்களே போயி எடுங்க. உங்க சாமிதான."

துணி எடுப்பது அந்த வீட்டில் பெண்களின் வேலை. மூன்று தலைமுறையாக எந்த ஆணும் அதற்காகக் கடையேறியதில்லை. வேலுச்சாமி செருப்பை மாட்டிக்கொண்டு டவுன் பஸ் பிடித்தார்.

கம்பத்தில் வெயில் கொளுத்தியது. ஜவுளிக்கடையில் கூட்டமில்லை. கண்ணாடி மேசைக்கு அந்தப் பக்கம் நின்ற பெண்ணுக்கு இருபது வயதிருக்கும்.

"பாவாடை சட்டை ஒண்ணு."

"எத்தன வயசுப் பிள்ளைக்குங்கய்யா?"

வருடாவருடம் ராஜாத்தி எந்த அளவைச் சொல்லி வாங்கினாள்? ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

"அளவு தெரியணும்ல. பத்து வயசா? பன்னெண்டா?"

"இருபத்தொண்ணு" என்று அவர் வாய் சொல்லிவிட்டது.

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். "இருபத்தொண்ணு வயசுக்குப் பாவாடை சட்டையா? நல்ல தாத்தா! கல்யாணம் ஆயிருச்சா அவுகளுக்கு?"

வேலுச்சாமி இரண்டு கைகளையும் கண்ணாடியின்மேல் ஊன்றிக்கொண்டார். இல்லை என்று சொல்லவில்லை.

அவள் காத்திருந்து பார்த்துவிட்டு, பின்னால் இருந்த அடுக்கிலிருந்து ஒரு சேலையை உருவி உதறினாள். அரக்குச் சிவப்பு. அது மேசை முழுக்க விரிந்து, அவருடைய கைகளையும் மூடிக்கொண்டு இந்தப் பக்கம் வழிந்தது. அவர் கைகளை எடுக்கவில்லை. மேலே சுற்றிய மின்விசிறிக் காற்றில், துணி அவர் விரல்களின்மேல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.