கூரை போன கூடம்

எட்டாம் ஹென்றி காலத்தில் கட்டியது எங்கள் ஹார்ல்டன் மாளிகை. தீப்பிடித்துக் கூரை போய் இருநூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. சுவர்களும் வானமும்தான் மிச்சம். ஆனாலும் பண்ணை ஆட்களான எங்களுக்கு அது வீடுதான். பெருங்கூடத்து வாசலில் பூட்ஸைத் துடைப்போம், தொப்பியைக் கழற்றுவோம். உள்ளே புல் முளைத்துக் கிடக்கிறது, அது வேறு விஷயம். என்ன மழை கொட்டினாலும் அங்கே யாரும் குடை விரிக்க மாட்டோம். வீட்டுக்குள் குடை விரித்தால் ஆகாது.

எங்களில் யார் செத்தாலும், தேவாலயத்துக்குப் போகிற வழியில் சவப்பெட்டியைக் கொஞ்ச நேரம் அந்தக் கூடத்தில் இறக்கி வைப்பது வழக்கம். போன வெள்ளிக்கிழமை என் அண்ணன் ஆம்ப்ரோஸின் முறை.

அண்ணி ஹெஸ்டர் அதுவரை ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. தினமும் அண்ணனுக்கும் சேர்த்து டீ போட்டார். அவர் சட்டையை இஸ்திரி போட்டு நாற்காலியில் மாட்டினார். சாப்பாட்டை மட்டும் தொடவில்லை; அவர் வரட்டும் என்றார். அழுது தீர்த்துவிடுங்கள் என்று கெஞ்சியும் பார்த்தேன், கத்தியும் பார்த்தேன்.

"எதுக்கு அழணும்? தோட்டத்துல வேலையா இருக்காரு" என்றார்.

இப்படியே போனால் இவரையும் பறிகொடுத்துவிடுவோம் என்று பயந்தேன்.

கூடத்தில் பெட்டியை இறக்கியதும் மழை பிடித்துக்கொண்டது. வழுக்கைத் தலைகளில் தண்ணீர் வழிய, எல்லோரும் அசையாமல் நின்றோம். திடீரென்று படக்கென ஒரு சத்தம். லண்டனிலிருந்து வந்திருந்த அண்ணன் மகன் க்ரிஸ்பின், அப்பாவின் பெட்டிக்கு மேல் குடையை விரித்துப் பிடித்திருந்தான். எனக்கு வந்ததே கோபம்! இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைக்குத் தெரியாதா?

"மடக்குடா அதை. வீட்டுக்குள்ள என்ன பண்ற?" என்றேன்.

அவன் என் பக்கம் திரும்பவே இல்லை. அம்மாவைப் பார்த்துத்தான் பேசினான்.

"அப்பா நனையறாரும்மா. இங்க கூரை இல்ல. போய் ரொம்ப காலமாச்சு."

அண்ணி மெல்ல நிமிர்ந்து மேலே பார்த்தார். மழை நேராக முகத்தில் விழுந்தது.

"ஆமா, இல்ல" என்றார். பிறகு பெட்டியைத் தொட்டார். "இவரும் இல்ல."

பெட்டி மேல் சாயப்போனவரை நான்தான் தாங்கிப் பிடித்தேன். என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஓவென்று அழுதார். எனக்கும் அடக்க முடியவில்லை. ஊர் மொத்தமும் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. பார்க்கட்டும்.

"குடையை இந்தப் பக்கம் நல்லா சாய்ச்சுப் பிடிடா, உங்கம்மா நனையறாங்க" என்றேன்.