அழகர்சாமியின் ஷிப்டு

அழகர்சாமி இறந்த ஏழாம் மாதம், அவருடைய நீலச் சட்டை பெங்களூரில் முன்பின் தெரியாத ஒரு வீட்டுச் சுவரில் வியர்க்கத் தொடங்கியது. ராயக்கோட்டைக்காரர்கள் விலை போகாத தக்காளியை ரோட்டோரத்தில் கொட்டிவிட்டுப் போன ஆடி மாதம் அது. முதலில் தோள்பட்டை இருந்த இடம் நனைந்தது, பிறகு முதுகு, கடைசியில் அக்குள் தையல். வீட்டுக்காரர்கள் சுவரில் ஓதம் ஏறுகிறது என்று நினைத்து ஓர் ஆளைக் கூப்பிட்டார்கள். வந்தவர் சுவரைத் தட்டிப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார். சுவர் நன்றாகக் காய்ந்துதான் இருக்கிறது, நனைவது துணி மட்டும்தான் என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

அழகர்சாமி அருப்புக்கோட்டைப் பக்கத்துக்காரர். வானம் பார்த்த கரிசலில் பருத்தி இரண்டு தடவை கைவிட்டதும், மனைவி ராஜலட்சுமியோடும் அவள் சீராகக் கொண்டுவந்த தையல் மெஷினோடும் ஓசூருக்கு வந்து சேர்ந்தார். சிப்காட் தொழிற்பேட்டைக்குப் பின்னால் தகரக்கூரை போட்ட லைன் வீடு ஒன்று கிடைத்தது. வண்டிகளுக்கு உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் காண்டிராக்ட் ஆளாகச் சேர்ந்து தகட்டை அழுத்தி வெட்டும் பிரஸ் மெஷினில் நின்றார். ஒரு வாரம் காலை, ஒரு வாரம் மதியம், ஒரு வாரம் இரவு. பிள்ளை இல்லை. ராஜலட்சுமிக்குப் புருஷன் என்றால், வாரத்துக்கு ஒரு நேரத்தில் வந்து குளித்துச் சாப்பிட்டு, பகலாக இருந்தால் ஜன்னலில் போர்வையைக் கட்டிவிட்டுப் படுக்கிற மனிதர். தூங்கும்போதும் அவருடைய வலது கை மட்டும் மேலே போய்க் கீழே வந்துகொண்டிருக்கும். அவள் அந்தக் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு மறுகையால் கீரை ஆய்வாள்.

கடைசி மாதங்களில் ஆள் போதவில்லை என்று அடிக்கடி இரட்டை ஷிப்டு போட்டார்கள். அப்படி ஒரு காலையில் வேலை முடிந்து வீடு திரும்பக் கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தவர் அங்கேயே போய்விட்டார். தூங்குகிறார் என்று நினைத்து எல்லோரும் இறங்கிப் போனார்கள். டிரைவரும் எழுப்பவில்லை, பாவம் என்று விட்டுவிட்டார். பஸ் ஊரைச் சுற்றி அடுத்த ஷிப்டு ஆட்களை ஏற்றிக்கொண்டு திரும்பியது. ஒருவர் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து, கேட் வரைக்கும் தன் தங்கை கல்யாணத்தைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார். இப்படியாக அழகர்சாமி செத்த பிறகும் நேரம் தவறாமல் வேலைக்கு வந்து சேர்ந்தார். கம்பெனிக்குள் வைத்துத்தான் தெரிந்தது. உடனே பஸ்ஸை வெளியே எடுக்கச் சொல்லி, கேட்டைச் சாத்திய பிறகுதான் ஆம்புலன்சுக்குப் போன் செய்தார்கள். அதனால் அவர் வெளியில் இறந்தவர் ஆனார்.

காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் ஊருக்குப் போன பின், ராஜலட்சுமிக்கு ஆணியில் தொங்கிய யூனிபார்ம் சட்டைதான் பெரும்பாடாக இருந்தது. எத்தனை முறை அலசினாலும் மெஷின் எண்ணெய் வாடை போகவில்லை. அதை வீட்டில் வைத்திருக்கவும் முடியவில்லை, தூக்கிப் போடவும் மனம் வரவில்லை. இன்னொரு ஆம்பிளை போட்டுக்கொண்டு தெருவில் நடந்து போவானே என்று யாருக்கும் கொடுக்கவும் இல்லை.

லைன் வீட்டுப் பெண்கள் பழைய யூனிபார்ம்களைக் கால்மிதி தைக்கச் சொல்லி அவளிடம் கொடுப்பது வழக்கம். ஆகாய நீலம், சாம்பல், காக்கி, கரும்பச்சை என்று ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு நிறம். கை சும்மா இருந்தால் பித்துப் பிடித்துவிடும் என்று அவள் அவற்றைத் துண்டு துண்டாக வெட்டி, பையும் பொத்தானும் காஜாவும் இருந்தபடியே விட்டு, பெரிய பெரிய சதுரங்களாக ஒட்டித் தைத்தாள். எதற்கென்று அவளுக்கே தெரியாது. ஜாக்கெட்டைப் பிடித்துத் தைக்கக் கொடுக்க வந்த பிரவீனாதான் அவற்றைச் சுவரில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, “அக்கா, இதை மிதிக்கவா தச்சிருக்கீங்க?” என்று கேட்டாள்.

பிரவீனா ஓசூர்க்காரி. பெங்களூர் ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு, இந்தப் பக்கத்துக் கைவேலைகளைத் தேடித் தேடி விற்பவள். கிருஷ்ணகிரிப் பக்கம் வெட்டிப்போட்ட மாமரத்தில் கண்ணாடிக்குச் சட்டம் செதுக்குபவர், தேன்கனிக்கோட்டையில் மூங்கிலில் விளக்குக் கூண்டு பின்னும் மாரம்மா, சாமல்பட்டி ஸ்டேஷன் பக்கம் சுட்ட மண்ணில் கம்மலும் மாலையும் உருட்டும் ஜெயமணி என்று யாரும் பார்க்காதவர்களை எல்லாம் ஸ்கூட்டரில் போய்க் கண்டுபிடித்து, போட்டோ எடுத்துப் போடுவாள். அவள் போட்டால் பெங்களூரில் வாங்க ஆள் இருந்தது. ராஜலட்சுமியின் துணிகளுக்குச் சுவர்த்துணி என்று பெயர் வைத்து, கண்காட்சிக்கு இன்னும் வேண்டும் என்றாள்.

அந்தக் கண்காட்சிக்குத்தான் ராஜலட்சுமி ஆணியிலிருந்த சட்டையை எடுத்தாள். முதுகுத் துணியை முழுசாக நடுவில் வைத்தாள். கைகளைப் பிரித்து இருபக்கமும் கரையாகக் கொடுத்தாள். மார்புப் பையை அப்படியே விட்டாள். தைத்து முடித்த அன்றே பிரவீனாவிடம் கொடுத்தனுப்பினாள், ஒரு பொழுது கூடத் தன் சுவரில் மாட்டவில்லை. துணி வீட்டை விட்டுப் போனதும் வாடையும் போயிற்று. அன்றைக்கு அவள் இரண்டு தோசை சாப்பிட்டாள். வெகுநாளுக்குப் பின் சாப்பிட்ட மாதிரி இருந்தது. அதை நினைத்துத்தான் பிற்பாடு தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

கண்காட்சியில் முதலில் விற்றது அதுதான். வாங்கியவள் சரிதா, அத்திப்பள்ளி தாண்டி ஒரு அடுக்குமாடியில் இருப்பவள். ஈரம் தொடங்கியதும் அவள் பிரவீனாவிடம் புகார் சொன்னாள். பிரவீனா முதலில் துணிகளோடு கொடுக்கும் அட்டையில் ‘இயற்கைத் துணி, சிறிது ஈரம் கோக்கலாம்’ என்று ஒரு வரி சேர்த்துப் பார்த்தாள். ஈரம் நிற்காமல் சரிதா மறுபடி கூப்பிட்டபோது, தைத்தவளே பேசட்டும் என்று ராஜலட்சுமியிடம் போனைக் கொடுத்துவிட்டாள்.

“வெயில்ல போட்டா காயுதும்மா,” என்றாள் சரிதா. “திரும்பவும் மறுநாள் காலையில நனைய ஆரம்பிக்குது. மதியம் வரைக்கும் சொட்டுது, அப்புறம் தானா நின்னுடுது. ஆனா போன வாரம் காலையில ஒண்ணுமேயில்ல. ராத்திரிதான் சொட்டுச்சு.”

ராஜலட்சுமி தையல் மெஷின் மேல் கையை ஊன்றிக்கொண்டாள். “வாடை வருதாம்மா?”

“ஆமா. கேரேஜ்ல வர்ற மாதிரி.”

“வர்ற திங்கக்கெழமையில இருந்து மத்தியானந்தான் நனையும். பாத்துட்டுச் சொல்லுங்க.”

திங்கட்கிழமை மத்தியானம் போன் வந்தது. சரிதா போனைத் துணிப் பக்கம் நீட்டினாள். தரையில் சொட்டுச் சொட்டாக விழும் சத்தம் மட்டும் கேட்டது. “அது எங்க வீட்டுக்காரருங்கம்மா,” என்றாள் ராஜலட்சுமி. “நான் வந்து கூட்டிட்டு வந்துர்றேன்.”

அடுத்த நாளே பஸ் ஏறினாள். எல்லை தாண்டும் வரை நெரிசல், நின்றுகொண்டே போனாள். சரிதாவின் வீடு கண்ணாடியும் வெள்ளைச் சுவருமாகக் குளுகுளுவென்று இருந்தது. அவள் கணவன் ஆனந்த் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவன். இந்தத் துணி முன்னால் உட்கார்ந்து கம்ப்யூட்டரைத் தட்டக் கூச்சமாக இருக்கிறது, யாரோ மூட்டை சுமக்கும்போது கால்மேல் கால் போட்டுக்கொண்டு பார்ப்பது போல இருக்கிறது என்று சொல்லி, கொஞ்ச நாளாக உள்ளறைக்கு மாறிவிட்டானாம். துணிக்குக் கீழே ஒரு நீல டப் வைத்திருந்தார்கள். ராஜலட்சுமி துணியின் நடுவில் உள்ளங்கையை வைத்தாள். சூடாக இருந்தது. அந்த வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்காமல், நனைந்த துணியை மடியில் போட்டுக்கொண்டு அவள் ஓசூர் வந்து இறங்கியபோது சேலை தொப்பலாகிவிட்டிருந்தது.

வீட்டில் மாட்டிய பிறகுதான் கொடுமை கூடியது. பெங்களூரில் ஒரு ஷிப்டு வியர்த்துவிட்டு ஓய்ந்த துணி, இங்கே சிப்காட்டின் சங்குச் சத்தம் காதில் விழும் தூரத்துக்கு வந்ததும் ஓயவேயில்லை. மதியம் தொடங்கினால் மறுநாள் விடிந்தும் சொட்டியது. அவள் விசிறினாள். மோர் கரைத்து அடியில் வைத்தாள். “போதும்ங்க, நீங்க செத்துப் போயிட்டீங்க, வந்து படுங்க,” என்று வாய்விட்டுச் சொன்னாள். கேட்கவில்லை. நனைந்து நனைந்து துணி நைந்துகொண்டே வந்தது. பேசாமல் அங்கேயே விட்டிருக்கலாம், நானே இழுத்துக்கொண்டு வந்து ரெண்டு ஷிப்டில் மாட்டிவிட்டேனே என்று சுவரில் முட்டிக்கொண்டாள்.

கம்பெனி கேட்டில் காண்டிராக்டரைப் பார்க்கச் சொன்னார்கள். காண்டிராக்டர் நல்லுசாமி கெட்டவர் என்று சொல்ல முடியாது. டீ வாங்கிக் கொடுத்து எல்லாவற்றையும் கேட்டார். செத்தவர் சட்டை வியர்க்கிறது என்றதற்கு அவர் ஆச்சரியப்படவே இல்லை. “வேலையை விடச் சொல்லி அவர்கிட்ட நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்ங்கய்யா. பெரியவுக சொன்னாக் கேப்பாக,” என்றாள் ராஜலட்சுமி.

“சொல்றதுக்கு என்னம்மா. ஆனா செத்ததுக்கு மொத நாளே அவர் பேரை எடுத்தாச்சு. இல்லாத ஆளை நான் எப்படிம்மா ரிலீவ் பண்றது?”

“மொத நாளு உசுரோட இருந்தாகளே.”

நல்லுசாமி கிளாஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அதெல்லாம் மேல செய்யறதும்மா,” என்றார்.

விஷயம் கேள்விப்பட்டு ஒரு மத்தியானம் குருமூர்த்தி வந்தான். தேன்கனிக்கோட்டைப் பக்கத்துப் பையன். யானை மிதித்தது போக மிஞ்சிய ராகியை அப்பா பார்த்துக்கொள்ள, இவன் வேலைக்கு வந்தவன். அதே பிரஸ் மெஷினில் அழகர்சாமிக்கு அடுத்த ஷிப்டு. பல வருடங்களாக இருவருக்கும் பழக்கம், ஆனால் அது மெஷினைக் கைமாற்றும் கொஞ்ச நேரப் பழக்கம்தான். துணியைப் பார்த்ததும் அவன் செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்தான்.

“அண்ணன் வெளிய போவவே இல்லீங்க்கா,” என்றான். “உள்ள வந்தாரு, அதோட சரி. வெளிய போனது ஒடம்புதான். அடுத்த ஆளு வராம மெஷினை வுட்டுப் போவக் கூடாது. நாங்க யாரும் போவ மாட்டம். அன்னிக்கு அவரை யாருமே மாத்தி வுடலையே.”

அப்புறம் சுவருக்கு நேராக நின்று, தினமும் சொல்கிற மாதிரியே சொன்னான்: “அண்ணா, நான் வந்துட்டேன். நீ கெளம்பு.”

சொட்டுவது நின்றது. தோள்பட்டையிலிருந்து கீழாகத் துணி காய்ந்துகொண்டே வந்தது. ராஜலட்சுமி பார்த்துக்கொண்டிருக்கும்போதே குருமூர்த்தியின் சட்டை முதுகோடு ஒட்டியது. வலது கை தானாக எழுந்து இறங்கியது. அவன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டான்.

இரண்டு வாரம் அவன் வந்தான். கம்பெனியில் ஒரு ஷிப்டு, இங்கே ஒரு ஷிப்டு. கண் குழிந்தது. ஒருநாள் பைக்கிலிருந்து சாய்ந்து முழங்கையைப் பெயர்த்துக்கொண்டு வந்து நின்றான். அவனையும் பஸ் ஜன்னலில் பார்க்க ராஜலட்சுமிக்குத் தெம்பில்லை. “நீ போப்பா தம்பி, இனி வராத,” என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினாள். கதவைச் சாத்தினாள். சேலையைச் செருகிக்கொண்டு துணியின் முன்னால் நின்றாள். அவர் உயிரோடு இருந்தபோது எத்தனையோ தடவை சொல்ல நினைத்து, சொல்ல வழியில்லாமல் போனதுதான் அது.

“நான் வந்துட்டேங்க. நீங்க போயிப் படுங்க.”

பிரஸ் மெஷினின் கனம் அவள் வலது தோளில் இறங்கியது. இத்தனை கனமா என்று முதல் நாள் முழுக்க அழுதாள். மறுநாள் அழ நேரமில்லை.

இப்போது அப்படித்தான் நடக்கிறது. அவர் காலை என்றால் அவள் மதியம், அவர் மதியம் என்றால் அவள் இரவு. அந்த நேரத்தில் அவளை யாரும் கூப்பிடுவதில்லை. ஜாக்கெட் கொடுக்க வருகிறவர்கள் எந்த வாரம் எந்த நேரம் என்று தெரிந்துகொண்டு வருகிறார்கள். உள்ளங்கையில் கறுத்த எண்ணெய் ஏறிவிட்டது, வெள்ளைத் துணி அவள் தைக்க வாங்குவதில்லை. பிரவீனா வந்து பார்த்துவிட்டு, புதிய ஆர்டர்களைப் பற்றிப் பேசாமல் வியர்வை துடைக்க ஒரு டஜன் துண்டு வைத்துவிட்டுப் போனாள். அருப்புக்கோட்டையிலிருந்து தம்பி வந்து கூப்பிட்டான். லீவு இல்லை என்று சொல்லிவிட்டாள்.

மீதி ஷிப்டு அவர்கள் இருவருக்கும் ஓய்வு. துணியைக் கழற்றிப் பாயில் விரித்து அதன் பக்கத்தில் படுத்துக்கொள்வாள். அந்நேரம் அது உலர்ந்து, வாடையில்லாமல், வெறும் துணி போலக் கிடக்கும். அவளை மாற்றிவிடுவது யார் என்று அவளுக்குத் தெரியாது. ஷிப்டு முடியும்போது தோளிலிருந்து கனம் சட்டென்று இறங்கிவிடுகிறது, ரவிக்கை காயத் தொடங்குகிறது. ஆணோ பெண்ணோ, உயிரோடு இருப்பவரோ இல்லாதவரோ, எந்த லைன் வீட்டிலோ யாரோ ஒருவர் சுவருக்கு முன்னால் வந்து நிற்கிறார். அவள் விசாரிக்கவில்லை. அவளை மாற்ற வருகிறவர் ஒரு நாளும் தாமதமாக வந்ததில்லை.