மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம்

கிழக்கு வெளுக்கும் முன்பே லாரி வந்து நின்றுவிட்டது. பிளாஸ்டிக் பெட்டிகளைத் தோளில் ஏற்றி, சறுக்குப் பலகை வழியே கால் வழுக்காமல் இறங்கி, கூடத்தின் பின்வாசலில் அடுக்க வேண்டும். பெட்டி நிறைய செல்போன் கோபுரங்களிலிருந்து பழுதாகித் திரும்பிய மின்சுற்றுப் போர்டுகள். ராமநாதபுரத்துப் போர்டு என்றால் உப்புப் பூத்திருக்கும். கொடைக்கானல் போர்டில் பாசி பிடித்திருக்கும். எந்த ஊர்ப் போர்டானாலும் பல்லி முட்டை நிச்சயம். காற்றுக் குழாயால் ஊதிச் சுத்தம் செய்யும்போது அத்தனை தூசியும் ஊதுகிறவள் மூக்கில்தான் ஏறும்.

ஜக்கம்மாள் பெட்டியை இறக்கிவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தபோது கம்பெனி பஸ் உள்ளே நுழைந்தது. சன்னலோரம் சிவனம்மாள். தலையில் ஈரம் காயாத மல்லிகை, மடியில் டிபன் பை. பஸ்ஸை விட்டு இறங்கி, வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு, முன்வாசல் வழியாகப் போனாள். அவள் நடை சாதாரண நடைதான். ஆனால் ஜக்கம்மாளுக்கு அது மிதக்கிற மாதிரி தெரிந்தது. அவள் வயிறு எரிந்தது. நமக்கென்ன மூடி மறைக்க வேண்டியிருக்கிறது? அது பொறாமைதான், பச்சைப் பொறாமை. ஒரு நாளா இரண்டு நாளா, வருடக்கணக்காக அதைச் சோற்றோடு சேர்த்துத் தின்றுகொண்டிருந்தாள்.

கூடத்தின் நடுவே தரையில் ஒரு மஞ்சள் கோடு ஓடுகிறது. கோட்டுக்கு அந்தப் பக்கம் 'தென்னொலி ஆராய்ச்சி'. இந்தப் பக்கம் 'தென்னொலி சேவை'. அந்தப் பக்கம் வெள்ளைக் கோட்டு, கம்பெனி பஸ், கேன்டீனில் சோற்றோடு இரண்டு வெஞ்சனம், நிரந்தர வேலை. இந்தப் பக்கம் நீலக் கோட்டு, டவுன் பஸ், வீட்டுத் தூக்குச்சட்டி, கான்ட்ராக்ட். வேலை மட்டும் இரண்டு பக்கமும் ஒன்றுதான். அதே போர்டு, பற்றவைக்க அதே சூட்டுக்கோல், அதே ஈயப் புகை. ஆராய்ச்சி என்பது பெயரில்தான் மிச்சமிருந்தது.

ஆரம்பத்தில் கோடு இல்லை. திண்டுக்கல்லில் புகையிலை மண்டியாக இருந்த கட்டடத்தை முத்துக்கிருஷ்ணன் என்ற இளம் பொறியாளர் வாடகைக்கு எடுத்தபோது மழை பெய்தால் சுவரெல்லாம் புகையிலை மணக்கும். ஏசி இல்லாமல், புழுதியில், வெயிலில் ஓடக்கூடிய கிராமத்து டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் ஒன்றை உருவாக்குவேன் என்றார் அவர். அதைச் சோதிக்க நாளெல்லாம் யாராவது பேசிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்காக வேலைக்கு எடுக்கப்பட்டவர்கள்தான் ஜக்கம்மாளும் சிவனம்மாளும். இவள் ஒரு கோடியில், அவள் ஒரு கோடியில், காதில் ரிசீவர். குரல் எங்கே உடைகிறது, எங்கே இரைகிறது என்று நடுவில் பொறியாளர்கள் குறித்துக்கொண்டிருப்பார்கள். பேசுவதற்குச் சம்பளம். இரண்டு குமரிகளுக்கு இதைவிட என்ன வேண்டும்? பெண் பார்க்க வந்தவன் மூக்கு முதல் மாமியார் வைத்த குழம்பு வரைக்கும் அந்தக் கம்பிகளில் ஓடியது. பின்னாளில் தமிழ்நாட்டுக் கிராமங்களில் அந்த எக்ஸ்சேஞ்ச் மணியடித்தபோது, அதில் தங்கள் அரட்டையும் இருக்கிறது என்று இரண்டு பேரும் பெருமைப்பட்டுக்கொண்டார்கள்.

அப்புறம் செல்போன் வந்தது. எக்ஸ்சேஞ்ச் பழைய இரும்பாகப் போயிற்று. முத்துக்கிருஷ்ணன் பெங்களூர்க்காரன் ஒருவனோடு கூட்டுச் சேர்ந்தார், பிரிந்தார். வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று பாதியை வாங்கியது. வாசலில் பெயர்ப்பலகை மாறிக்கொண்டே இருந்தது. ஒரு நாள் கம்பெனியை இரண்டாகப் பிரிக்கிறோம் என்றார்கள். ஆட்களை எப்படிப் பிரிப்பது? மேனேஜர் பிராங்க்ளின் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. கூடத்தை நீளவாக்கில் பார்த்தார். கிழக்கே உட்கார்ந்திருப்பவர்கள் ஆராய்ச்சி, மேற்கே உட்கார்ந்திருப்பவர்கள் சேவை என்று முடித்துவிட்டார். மறுநாள் பெயிண்ட் டப்பா வந்தது.

இங்கேதான் ஜக்கம்மாளின் வயிற்றெரிச்சலுக்கு வேர். கிழக்கே, கதவோரம் இருந்த இடம் அவளுடையது. சிவனம்மாள் அப்போது நிறைமாதக் கர்ப்பிணி. அடிக்கடி எழுந்து போக வேண்டியிருக்கு, கதவுப் பக்கம் கொஞ்ச நாள் உட்கார்ந்துகொள்ளட்டுமா என்று கேட்டாள். அதுக்கென்னடி, உட்காரு என்று ஜக்கம்மாள்தான் தன் ஸ்டூலை நகர்த்திக்கொண்டு மேற்கே போனாள். அந்த வாரமே கோடு விழுந்தது. இது என் இடம் என்று அவள் பிராங்க்ளினிடம் போய் நின்றபோது, சிவனம்மாளைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். சிவனம்மாள் குனிந்த தலை நிமிரவில்லை. அன்றோடு இருவருக்கும் பேச்சு நின்றது.

இப்போது மறுபடியும் பெயர்ப்பலகை மாறப்போகிறது. கம்பெனியை முழுசாக வாங்க ஒரு வடநாட்டு நிறுவனம் வந்திருந்தது. அவர்கள் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று: நிரந்தரத் தொழிலாளி என்று யாரும் இருக்கக் கூடாது. ஆராய்ச்சிப் பிரிவுப் பெண்கள் வேலையை விட்டுவிடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டு, சேவைப் பிரிவில் புதிதாகச் சேர வேண்டும். அவர்கள் முடியாது என்றார்கள். சூட்டுக்கோலை அணைத்து வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு அவரவர் இடத்தில் உட்கார்ந்தார்கள்.

அன்று மத்தியானம் ஜக்கம்மாள் இரண்டு வாய் சோறு கூடுதலாகத் தின்றாள். சும்மா சொல்லக் கூடாது, அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கௌசல்யா இருமிக்கொண்டே, பாவம்க்கா அவுங்க என்றாள். கௌசல்யா சின்ன வயதுக்காரி. புகையை வெளியே இழுக்கிற விசிறி இந்தப் பக்கம் போன வருடமே கெட்டுப்போய்விட்டது. அதிலிருந்து அவளுக்கு இருமல். விசிறியைச் சரிசெய்யச் சொல்லி இவர்கள் வேலையை நிறுத்தியபோது, அந்தப் பக்கத்து வெள்ளைக் கோட்டுகள் இவர்களுடைய போர்டுகளையும் சேர்த்து முடித்துக் கொடுத்தன. விசிறி இன்றும் ஓடவில்லை. பாவமாம் பாவம் என்று ஜக்கம்மாள் தூக்குச்சட்டியை ஓங்கி மூடினாள்.

சாயங்காலம் முதலாளியே வந்துவிட்டார். முத்துக்கிருஷ்ணனுக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. சேவைப் பிரிவில் மூத்தவள் என்பதால் ஜக்கம்மாளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். பிராங்க்ளின் ஓரமாக நின்றார்.

போர்டு அனுப்பாவிட்டால் கோபுரக் கம்பெனிக்காரன் ஒப்பந்தத்தை ரத்து செய்துவிடுவான், நாளைக் காலையில் சேவைப் பிரிவு ஆட்கள் கோட்டைத் தாண்டி அந்த இடங்களில் உட்கார வேண்டும் என்றார் முத்துக்கிருஷ்ணன். உட்காருகிறவர்களுக்கு வெள்ளைக் கோட்டு, பஸ், கேன்டீன் எல்லாம் உண்டு.

"நீங்க போனாப் போதும்மா, மத்தவங்க பின்னாலயே வந்துருவாங்க. கதவோர எடம் உங்களோடதாமே? பிராங்க்ளின் சொன்னார். எடுத்துக்கங்க. இனிமே நீங்க ஆராய்ச்சிதான்."

இத்தனை வருடம் கழித்து அந்த வார்த்தை முதலாளி வாயாலேயே வந்துவிட்டது.

"பழைய வருசமெல்லாம் சேத்துக்குவீங்களா சார்?"

"அது எப்படிம்மா? புதுக் கம்பெனி. சேர்ற அன்னையிலருந்துதான்."

"நெரந்தரமா?"

முத்துக்கிருஷ்ணன் பிராங்க்ளினைப் பார்த்தார். "ஒரு வருஷம் போகட்டும். அப்புறம் பாப்போம்."

"டெலிபோன்ல பேசிப் பேசி எனக்குத் தொண்டை கட்டிக்கிட்டப்ப, நீங்கதான் சார் பனங்கல்கண்டு வாங்கிக் குடுத்தீங்க."

"ஞாபகம் இருக்கு. அது வேற காலம்மா."

"எங்களுக்கு அதே காலந்தான் சார். சம்பளம் மட்டும் எறங்கிப் போச்சு."

அவர் காலையில் பார்க்கலாம் என்று கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

ஜக்கம்மாளின் கணவன் பெருமாள்சாமி ஒட்டன்சத்திரம் சந்தையில் கேரளா லாரிகளுக்குக் காய்கறி மூட்டை ஏற்றுகிறவன். ராத்திரி அவள் சொன்னதைக் கேட்டுவிட்டு, உன் எடத்துல நீ உக்காரப் போற, இதுல ரோசன பண்ண என்ன இருக்கு என்று கேட்டான். அவளுக்கும் அப்படித்தான் தோன்றியது. அவன் கேட்டதற்குப் பதிலாகத் தலையை ஆட்டிவிட்டு அடுப்பைக் கவனித்தாள்.

மறுநாள் காலை சின்னாளப்பட்டிப் பிரிவில் டவுன் பஸ்ஸில் ஏறியவள் திகைத்துப்போனாள். கூட்டத்துக்கு நடுவே சிவனம்மாள் நின்றுகொண்டிருந்தாள். கம்பெனி பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். எந்தக் கம்பியைப் பிடிப்பது என்று தெரியாமல் ஒவ்வொரு வளைவிலும் யார் மேலாவது சாய்ந்தாள். பெண்களுக்கு டிக்கெட் இலவசம் என்பதுகூடத் தெரியாமல் சில்லறையை நீட்டினாள், கண்டக்டர் சிரித்தார். ஜக்கம்மாள் இந்தக் காட்சிக்காகவே பல வருடம் காத்திருந்தவள். ஆனால் பார்க்கப் பார்க்க அது இனிக்கவில்லை. எரிச்சலாக வந்தது.

"மேல கம்பியப் புடி" என்றாள். அத்தனை வருடத்துக்கு அப்புறம் அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

சிவனம்மாள் பிடித்துக்கொண்டாள். "உன்னய உக்காரச் சொல்லிட்டாகளாமே" என்றாள்.

"ஆமா. என் எடந்தான?"

"ஒன் எடந்தான்."

அவள் மறுத்திருந்தால் ஜக்கம்மாளுக்குச் சண்டை போட வசதியாக இருந்திருக்கும். ஒப்புக்கொண்டதில் ஆத்திரம் இன்னும் ஏறியது.

"இத அன்னைக்கிச் சொல்ல ஒன் வாயில என்ன கொழக்கட்டையா இருந்துச்சு? வெசிறிக்கு நாங்க நின்னப்ப எங்க போர்டையும் சேத்து முடிச்சுக் குடுத்தீங்களே, அப்ப எங்க போச்சு ஒங்க ஞாயம்? இப்ப ஒங்க தலையில கை வச்சதும் நாங்க வந்து நிக்கணுமாக்கும்?"

பஸ்ஸில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். சிவனம்மாள் அழவில்லை.

"பயம்டி. அன்னைக்கிப் புள்ளயச் சொமந்துக்கிட்டு நின்னேன். சொன்னா எடம் போயிரும்னு பயம். அப்புறம் நெதம் பயம். நீ கோட்டுக்கு அந்தாண்ட நின்னு பாக்குறப்பல்லாம், இவ வந்துருவாளோன்னு பயம். குனிஞ்ச தல நிமிராம வேல பாத்தேன். நாங்க செஞ்சதெல்லாம் தப்புதான். நீ உக்காரு, நான் ஒண்ணுஞ் சொல்லல. ஆனா நீயும் யாரப் பாத்தாவது பயந்துக்கிட்டேதான் உக்காரணும்."

ஜக்கம்மாள் அந்தக் கதவோர ஸ்டூலில் தன்னை வைத்துப் பார்த்தாள். வெள்ளைக் கோட்டு. இரண்டு வெஞ்சனம். கோட்டுக்கு இந்தப் பக்கம் கௌசல்யா பெட்டியை இறக்கிவைத்துவிட்டு, இருமிக்கொண்டே, தன்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். அந்தப் பார்வை எப்படி இருக்கும் என்று ஜக்கம்மாளுக்குத் தெரியாதா? அந்தப் பார்வையைத்தானே அவளும் இத்தனை வருடமாகச் சிவனம்மாள் மேல் வைத்திருந்தாள். முதலாளி கொடுக்கப்போவது ஸ்டூலை இல்லை, இந்தப் பயத்தைத்தான் என்று அவளுக்கு உறைத்தது.

பேகம்பூர் தாண்டும்போது அவள் கேட்டாள்: "நாங்க வந்து நின்னா எங்களுக்கு என்ன?"

"என்ன வேணும்?"

"ரெண்டு பக்கமும் ஒண்ணுன்னு கேக்கணும். எங்களையும் நெரந்தரம் பண்ணச் சொல்லி. மொத வெசிறி. ஒங்களுக்கு மட்டும் முடிஞ்சதும் போயி உக்காந்துக்கிட்டீங்கன்னா மண்டையப் பொளந்துருவேன்."

"எங்காளுககிட்ட நான் சொல்றேன்."

"நீ சொல்லுவியா?"

"இந்தத் தடவ சொல்லுவேன்."

அவளை ஜக்கம்மாள் முழுசாக நம்பிவிடவில்லை. ஆனாலும் இறங்கும்போது சிவனம்மாளின் டிபன் பையை ஒரு கையால் பிடித்துக்கொண்டாள்.

கூடத்தில் எல்லோரும் காத்திருந்தார்கள். நீலக் கோட்டுக்காரிகளைத் தனியே கூட்டி, முதலாளி சொன்னதையும் பஸ்ஸில் பேசியதையும் ஜக்கம்மாள் ஒளிக்காமல் சொன்னாள். சிலர் முணுமுணுத்தார்கள். ஒருத்தி, உனக்கு எடம் கெடைக்குது, எங்களுக்கு என்ன கெடைக்குது என்று கேட்டாள். அதத்தான் நானும் கேட்டேன் என்றாள் ஜக்கம்மாள். கௌசல்யாதான் முதலில் நீலக் கோட்டைக் கழற்றி மேசை மேல் வைத்தாள். வியர்க்குதுக்கா என்றாள், யாரும் கேட்காமலே.

ஜக்கம்மாள் தன் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். மஞ்சள் கோட்டைத் தாண்டும்போது பிராங்க்ளின் முகத்தில் வெளிச்சம் வந்தது. அவள் கதவோரம் போனாள். சிவனம்மாள் எழுந்து நின்றாள். "நீ எந்திரிக்காத" என்று சொல்லிவிட்டு, அவளுக்குப் பக்கத்தில் தன் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து கையைக் கட்டிக்கொண்டாள் ஜக்கம்மாள். பின்னால் ஸ்டூல்கள் தரையில் உரசிக்கொண்டு வந்தன. கோட்டின் மேலேயே சிலர் போட்டு உட்கார்ந்தார்கள். வெள்ளைக் கோட்டுகளும் ஒவ்வொன்றாகக் கழன்றன. அப்புறம் யார் எந்தப் பக்கம் என்று பிராங்க்ளினுக்கே பிடிபடவில்லை. போய் முதலாளியிடம் சொன்னார்.

முத்துக்கிருஷ்ணன் அறை வாசலுக்கு வந்தார்.

"ஆராய்ச்சிப் பிரிவு ஆளுங்க மட்டும் உள்ள வாங்க. பேசுவோம்."

கூடம் முழுக்க எழுந்தது. முன்னால் வந்த ஜக்கம்மாளை அவர் கையால் மறித்தார். "நீங்க சேவைப் பிரிவும்மா."

"நேத்து நீங்கதான சார் என்னய ஆராய்ச்சின்னு சொன்னீங்க?"

யாரோ சிரித்தார்கள். அறையில் மூன்று நாற்காலிதான் இருந்தது. முன்னால் வந்தவர்கள் உள்ளே நெருக்கி நின்றார்கள், மற்றவர்கள் வாசலை அடைத்து நின்றார்கள், யாரும் பின்வாங்கவில்லை. அந்த நெரிசலில் முதலாளிக்கு மூச்சு முட்டியது. கடைசியில் அவர்தான் வழிகேட்டுக்கொண்டு வெளியே கூடத்துக்கு வர வேண்டியிருந்தது. புகையேறிக் கறுத்த மேற்குப் பக்கத்தில், ஓடாத விசிறிக்குக் கீழே வந்து நின்று கர்ச்சீப்பால் மூக்கைத் துடைத்தார்.

"சரி, சொல்லுங்க. உங்களுக்கு என்ன வேணும்?"

சிவனம்மாள் தொண்டையைச் செருமினாள். இதிலும் இவள்தான் முதலா என்று ஜக்கம்மாளுக்குச் சுருக்கென்றது. அவளை முழங்கையால் இடித்துவிட்டு முந்திக்கொண்டாள்.

"நான் சொல்றேன் சார்" என்றாள். "எங்க எல்லாருக்கும் சேத்து."