கடைக்கு ஒத்தாசை

இடித்த கட்டடங்களின் கதவு ஜன்னல்களை வாங்கி விற்கும் கடை அது. உள்ளே போனால் சுவரெல்லாம் கதவுகள். எதைத் திறந்தாலும் பின்னால் சுவர்தான். வாசலை ஒட்டி ஒரு முக்காலி. அதில் உட்கார்ந்திருப்பவர்தான் விலை சொல்ல வேண்டும், மற்றவர் குறுக்கே பேசக் கூடாது என்பது கடையின் சட்டம். கல்யாணமான மறுவருஷமே அந்த முக்காலி அவளிடம் வந்துவிட்டது. யாரும் கூப்பிட்டுக் கொடுக்கவில்லை. கணவர் சொன்ன விலைகளைக் கேட்டு வயிறெரிந்து அவளே போய் உட்கார்ந்துகொண்டாள்.

மரத்துக்கு இருப்பதுபோலச் சொல்லுக்கும் கனம் உண்டு என்பதை அங்கே உட்கார்ந்துதான் கற்றாள். 'பழைய கதவு' என்றால் வந்தவர் மூக்கைச் சுளிப்பார். 'நல்லாக் காஞ்ச மரம், இனிமே வளையாது' என்றால் விரலை மடக்கித் தட்டிப் பார்ப்பார். ஒரே கதவு, இரண்டும் உண்மை. பொய் சொல்லி அவள் விற்றதில்லை. பொய் சொல்லி விற்ற கதவு முதல் மழைக்கே உப்பிக்கொண்டு கடைக்குத் திரும்பி வரும். எதிராளியின் பேச்சையும் அப்படித்தான் நிறுத்துப் பார்ப்பாள். 'சும்மா பாக்கலாம்னு வந்தோம்' என்பவர் பையில் அளவு டேப் இருக்கும். 'யோசிச்சுச் சொல்றோம்' என்பவர் தெருமுனை தாண்டும்போதே மறந்துவிடுவார்.

கணவருக்கு இதெல்லாம் ஏறாது. நல்ல மனுஷர்தான். ஆனால் எதைக் கேட்டாலும் அகராதியைப் புரட்டினாற்போல் பதில் சொல்வார்.

ஒருநாள் லாட்ஜ் கட்டும் கான்ட்ராக்டர் ஒருவர் வந்தார். மாடி மாடியாக அறைகள், அத்தனைக்கும் கதவு வேண்டும். கடை கண்டிராத ஆர்டர். முக்காலியைக் காட்டி, "இவங்க?" என்றார்.

"நம்ம வீட்டுக்காரி. வீட்ல பொழுது போகணும்ல? கடைக்கு ஒத்தாசையா வந்து உக்காருவா," என்றார் கணவர்.

வந்தவர் தலையாட்டிவிட்டு அதற்குப் பிறகு அவள் பக்கம் திரும்பவே இல்லை. நாளைக்கு வந்து கதவு பார்ப்பதாகக் கணவரிடம் சொல்லிவிட்டுப் போனார்.

ஒத்தாசை. அவள் அந்தச் சொல்லை வாயில் போட்டு மென்று பார்த்தாள். பொருளில் ஒரு கோளாறும் இல்லை. ஏணி பிடிப்பது ஒத்தாசை, தெரியாதவருக்கு வழி காட்டுவது ஒத்தாசை. ஆனால் இவர் சொன்ன மாதிரியில், இத்தனை வருஷம் தூசி குடித்து அவள் வாங்கி விற்றதெல்லாம் பொழுதுபோக்காகச் சுருங்கிவிட்டது.

"என்னை ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"எப்படி?"

"ஒத்தாசைன்னு."

"ஏன், நீ ஒத்தாசை பண்றதில்லையா?"

"பண்றேன்."

"அப்புறம் என்ன?"

"ஒண்ணுமில்ல. இனிமே அது மட்டும் பண்றேன்."

மறுநாள் காலை முக்காலி காலியாக இருந்தது. அவள் வார்னிஷ் டின்களுக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். புது வீடு கட்டும் இளம் தம்பதி வந்து, வாசல் கதவு ஒன்றைத் தடவி ரசித்தார்கள்.

"யார் வீட்டுதுங்க?" என்றாள் அந்தப் பெண்.

"அண்ணன் தம்பிக்குள்ள அடிதடியாகி இடிச்ச வீடும்மா," என்றார் கணவர்.

சுட்டதுபோல அந்தப் பெண் கையை எடுத்துக்கொண்டாள். இருவரும் யோசித்துச் சொல்வதாகக் கிளம்பிவிட்டார்கள்.

"கேட்டாங்க, உள்ளதைச் சொன்னேன்," என்றார் கணவர்.

மூலையில் உப்புத்தாள் தேய்த்துக்கொண்டிருந்த பாலீஷ்காரர் தலையை நிமிர்த்தாமல், "பாதிதான் சொன்னீங்கண்ணே. யார் மண்டை உடஞ்சுதுன்னு சொல்லவே இல்ல," என்றார்.

மதியம் கான்ட்ராக்டர் வந்தார். பின்கட்டில் அடுக்கியிருந்த அகலக் கதவுகள் அவர் கண்ணில் பட்டுவிட்டன.

"அருமையான மரமா இருக்கே. எந்த பங்களாவுது?"

"பங்களா இல்லீங்க. ஆஸ்பத்திரி," என்றார் கணவர்.

அவர் ஓரடி பின்னால் வைத்தார். "ஆஸ்பத்திரிக் கதவா? இது தெரிஞ்சா எவன்யா என் லாட்ஜுல நிம்மதியாத் தூங்குவான்?"

"நல்லாக் கழுவித்தாங்க வச்சிருக்கோம்."

பாலீஷ்காரரின் கை நின்றுவிட்டது. கணவர் மெல்ல அவள் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, ஏதாவது சொல்லேன்."

"என்ன எடுத்துத் தரணும், சொல்லுங்க. எடுத்துத் தர்றேன்."

"விளையாடாத."

"வெல பேசுற இடத்துல ஒத்தாசைக்கு வந்தவ குறுக்க பேசலாமா? நான் யாருன்னு அவருக்குச் சரியாச் சொல்லுங்க. அப்புறம் பேசுறேன்."

"இப்பவேவா?"

"இப்பதான்."

கணவர் அசடு வழியச் சிரித்தார். "ஐயா, இவ நம்ம கடைக்கு ஒரு பெரிய பலம்."

"தூணும் பலந்தான்," என்றாள்.

"எல்லாத்தையும் இவதான் பாத்துக்குவா."

"வாட்ச்மேனும்தான் பாத்துக்குவாரு."

"ஏதோ வீட்டு விவகாரம் போல," என்று கான்ட்ராக்டர் கார் சாவியைக் கையில் எடுத்தார். "இன்னொரு நாள் வர்றேன்."

அந்த இன்னொரு நாள் எந்தக் காலண்டரிலும் கிடையாது என்பது இந்தமுறை கணவருக்கே புரிந்தது. அவளுக்கும் அது நஷ்டம்தான். அந்த ஆஸ்பத்திரியை இடிக்கும்போது புழுதிக்குள் நின்று ஒவ்வொரு கதவாகப் பொறுக்கி எடுத்தவள் அவள். ஒரு வார்த்தை சொன்னால் வியாபாரம் முடிந்துவிடும். ஆனால் இப்போது வாயைத் திறந்தால், நேற்று வைத்த பேர் ஆயுசுக்கும் ஒட்டிக்கொள்ளும். கதவுக்கு வேறு ஆள் வரும். போனால் போகட்டும் என்று உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

வெளியே கார்க்கதவு திறக்கும் சத்தம் கேட்டது. கணவர் ஒரு செருப்பை மட்டும் மாட்டிக்கொண்டு தெருவுக்கு ஓடினார்.

"ஐயா, நில்லுங்க! கடை அவளோடதுங்க. வாங்குறது அவ, வெல வைக்கிறது அவ. நான் ஏத்துறது இறக்குறது பாக்குறவன். நேத்து நான் சொன்னது தப்பு."

எதிர்க்கடையில் தாழ்ப்பாள் விற்பவர் எட்டிப் பார்த்தார். கணவரின் காது சிவந்துவிட்டது. ஆனாலும் குரலைத் தாழ்த்தவில்லை. "மொதலாளிகிட்டப் பேசாமப் போறீங்களே!"

கான்ட்ராக்டர் உள்ளே வந்தபோது அவள் முக்காலியில் இருந்தாள்.

"ஆஸ்பத்திரிதாங்க, அதுல மாத்தமில்ல. எந்த வார்டுன்னு கேக்காமப் போனா எப்படி? பிரசவ வார்டு. நிலையில தோள் ஒசரத்துல வார்னிஷ் போயிருக்கு பாருங்க. உள்ள என்ன ஆச்சோன்னு வெளிய நின்ன அப்பன்மாருங்க சாஞ்சு சாஞ்சு தேஞ்சது. இந்தக் கதவைத் தொறந்துக்கிட்டு எத்தனையோ தரம் யாரோ ஒருத்தர் சிரிச்சுக்கிட்டு வந்து நல்ல சேதி சொல்லியிருக்காங்க."

அவர் தேய்ந்த இடத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். "என் பொண்ணு பொறந்தப்ப நானும் இப்படித்தான்..." என்று ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டு விலை கேட்டார். சொன்னாள். அவர் பழக்கதோஷத்தில் கணவர் பக்கம் திரும்பி, "நீங்க கொஞ்சம் கொறைச்சுச் சொல்லுங்க," என்றார்.

கணவர் விட்டத்தைப் பார்த்தார். "முக்காலியில நான் உக்காந்திருக்கலீங்களே."

அட்வான்ஸ் கை மாறியது. கார் போனதும் கணவர் இன்னொரு செருப்பைத் தேடிக்கொண்டே, "இப்பத் திருப்திதான?" என்றார்.

"வார்த்தை சரிதான். கேட்ட குரல் சரியில்ல. திரும்பக் கேளுங்க."

அவர் நிமிர்ந்தார். பாலீஷ்காரர் அவசரமாகத் தேய்க்க ஆரம்பித்தார்.

"திருப்தியாம்மா?"

"கிட்ட வந்துட்டீங்க," என்றாள் முக்காலியை விட்டு எழாமல். "இன்னொரு தரம்."