வெயில் தாங்கும் தகடு

சிவகாசி ஆஸ்பத்திரியிலிருந்து பிரீத்திகா போன் செய்தபோது, பர்ஹத் விருதுநகரில் தன் கல்லூரி ஆய்வகத்தில் நின்றுகொண்டிருந்தாள். பிரீத்திகா அந்த ஆஸ்பத்திரியின் பிசியோதெரபிஸ்ட். தீக்காயம் பட்டவர்களின் கைகால்களைப் பழையபடி இயங்க வைப்பது அவள் வேலை.

"மேடம், மாரிசெல்வி இந்த வாரமும் வரல. போன் போட்டா வீட்டுக்காரரு எடுத்து, 'வருவா, வருவா'ன்னு சொல்லிட்டு வச்சிடுறாரு."

"கை எப்படி இருக்குன்னு கேட்டியா?"

"கேட்டேன். அதுக்குப் பதிலே இல்ல."

பர்ஹத் போனை வைத்தாள். மாரிசெல்வி வராமல் போனதற்கு என்னென்ன காரணங்கள் இருக்கலாம் என்று யோசித்துப் பார்த்தாள். ஒன்றும் நல்லதாகத் தோன்றவில்லை.

விருதுநகர் பஜாரில் மல்லி, வத்தல் மொத்த வியாபாரம் செய்யும் குடும்பம் பர்ஹத்துடையது. அவள் மட்டும் பாலிமர் ஆராய்ச்சி என்று போய், வெளியூரில் சில காலம் வேலை பார்த்துவிட்டு, சொந்த ஊருக்கே பேராசிரியையாகத் திரும்பி வந்தவள். அவளோடு ஆய்வகத்தில் இருந்தவர் நவநீதகிருஷ்ணன். சிவகாசியில் அவருடைய அப்பாவுக்குப் பட்டாசுக் கம்பெனி. மகன் அந்தப் பக்கம் போகாமல் நானோ பொருட்களின் பின்னால் வந்துவிட்டார்.

இருவரும் சேர்ந்து ஒரு தகடு செய்திருந்தார்கள். பார்ப்பதற்கு வெள்ளையாக, தடித்த பிளாஸ்டிக் அட்டை போல இருக்கும். வெந்நீரில் போட்டால் தோசைபோல இளகும். எடுத்துத் துடைத்து, சூடு தணிந்ததும் நோயாளியின் கைமேல் வைத்து அழுத்தினால், அந்தக் கையின் வடிவத்திலேயே இறுகிவிடும். தீக்காயம் ஆறும்போது புதுத்தோல் சுருங்கி விரல்களை உள்ளே இழுக்கும். அப்படி இழுக்கவிடாமல் விரல்களை நீட்டிப் பிடித்து வைப்பதுதான் இதன் வேலை. ஆஸ்பத்திரியில் அதை ஸ்பிளிண்ட் என்பார்கள். மாதக்கணக்கில் போட்டிருக்க வேண்டும். வெளிநாட்டுத் தகடு எல்லோருக்கும் கிடைப்பதில்லை. மாவுக்கட்டு போட்டால் கனம், அரிப்பு, கழுவவும் முடியாது. இவர்களுடைய தகடு லேசானது, சோப்புப் போட்டுக் கழுவலாம். ஆஸ்பத்திரிக் குழுவின் அனுமதி கிடைத்ததும் முதலில் அதைப் போட்டுக்கொண்டவள் மாரிசெல்வி.

சிவகாசியை ஒட்டிய விஸ்வநத்தத்துக்காரி. தீபாவளிக்கு முந்தின சீசனில், வேலை பார்த்த பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து செலுத்தும் அறையில் தீப்பிடித்தபோது அவளுடைய வலது உள்ளங்கை வெந்துபோயிருந்தது.

மறுநாள் காலையில் இருவரும் நவநீதகிருஷ்ணனின் காரில் விஸ்வநத்தத்துக்குக் கிளம்பினார்கள். சித்திரை வெயில். ஆமத்தூர் தாண்டும்போதே தார்ச்சாலையின்மேல் கானல் ஓடியது.

வீட்டில் மாரிசெல்வியின் கணவன் சிவபாண்டி இருந்தான். லாரி லோடு ஏற்றும் வேலை. அன்று போகவில்லை. வந்தவர்களைப் பார்த்ததும் பதறி எழுந்து, பிளாஸ்டிக் நாற்காலிகளைத் துண்டால் தட்டிப் போட்டான்.

"வாங்க சார், வாங்க மேடம். உக்காருங்க. இம்புட்டுத் தூரம் எதுக்கு வந்தீக? நானே கூட்டிட்டு வரலாம்னுதான் இருந்தேன்."

மாரிசெல்வி உள்ளே கதவோரம் நின்றாள். வலது கையைச் சேலை முந்தானைக்குள் சுருட்டி வைத்திருந்தாள்.

"கையக் காட்டுங்க மாரிசெல்வி" என்றாள் பர்ஹத்.

அவள் முந்தானையை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

"ஸ்பிளிண்ட் வலிக்குதா? வலிச்சா வேற மாதிரி செஞ்சு குடுக்கலாம்."

"வலியெல்லாம் இல்ல மேடம்."

"பிறகு ஏன் போடல?"

மாரிசெல்வி புருஷனைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவள் உள்ளே போய், பீரோவுக்குப் பின்னாலிருந்து ஒரு துணிப்பொட்டலத்தை எடுத்து வந்து பர்ஹத்தின் மடியில் வைத்தாள்.

பர்ஹத் பிரித்தாள். பர்ஹத்தே தன் கையால் தொட்டுத் தொட்டுச் சரிசெய்த ஸ்பிளிண்ட் அது. இப்போது அதில் விரல்களும் இல்லை, உள்ளங்கைக் குழியும் இல்லை. சப்பென்று படுத்து, ஓரங்கள் வழிந்து, ஒரு பக்கம் டேங்க் மூடியின் வரிகள் பதிந்து கிடந்தது.

"வேர்வை நாத்தம் அடிச்சுச்சு மேடம். சோப்புப் போட்டுக் கழுவி, மாடில தண்ணி டேங்க் மூடி மேல காய வச்சேன். சோறு வடிச்சுட்டுப் போயிப் பாக்குறேன், இப்படிக் கெடக்கு." வழிந்த ஓரத்தை விரலால் தடவினாள். "காலேஜ்ல செஞ்சு குடுத்த பொருளு. நான்தான் கெடுத்துட்டேன். எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு வர்றது?"

பர்ஹத் கையை நீட்டினாள். கொஞ்சம் தயங்கிவிட்டு மாரிசெல்வி தன் கையை அதில் வைத்தாள். மோதிர விரலும் சுண்டு விரலும் உள்ளங்கையை நோக்கி வளைந்திருந்தன. போன மாதம் அவை நேராக இருந்தன.

"நீங்க கெடுக்கல" என்றாள் பர்ஹத். "கழுவலாம்னு சொன்னது நாங்க. கழுவினா வெயில்ல காய வைப்பீங்கன்னு நாங்க நினைக்கல. இது எங்க தப்பு."

மாரிசெல்வி நம்பாதவள்போல நவநீதகிருஷ்ணனைப் பார்த்தாள். அவரும் ஆமென்று தலையை ஆட்டினார்.

சிவபாண்டி மோர் கொண்டுவந்து கொடுத்தான். குடித்துக்கொண்டிருக்கும்போது, "சாருக்கு எந்த ஊரு?" என்று கேட்டான்.

"சிவகாசிதான்." பிறகு அவரே சொன்னார். "அப்பா பட்டாசுக் கம்பெனி வச்சிருக்காரு."

சிவபாண்டி மோர்ச் செம்பைக் கீழே வைத்தான்.

"இவ வேலை பார்த்த கம்பெனியா சார்?"

"இல்ல. அது வேற."

"வேறதான்" என்றாள் மாரிசெல்வி. கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு நவநீதகிருஷ்ணன் மோரைக் குடித்து முடிக்கவில்லை.

அன்றே அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார்கள். பிரீத்திகா விரல்களை மெல்ல மெல்ல நீட்டி, தற்காலிகமாக மாவுக்கட்டே போட்டாள். மாரிசெல்வி பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண்ணில் நீர் வழிந்ததைத் துடைக்கக்கூட இல்லை.

திரும்பும் வழியில் காரில் வாக்குவாதம்.

"வெயில்ல வைக்காதீங்கன்னு ஒரு தாள் அடிச்சுச் சேர்த்துக் குடுத்துடுவோம் மேடம்" என்றார் நவநீதகிருஷ்ணன். "சிவகாசியில அச்சடிக்க ஆளா இல்ல?"

"வெயில்ல வைக்காதன்னா இந்த ஊர்ல வேற எங்க சார் வைக்கிறது? பைக் பெட்டியில வைப்பாங்க. தகரக் கூரை வீட்டுல ஆணியில மாட்டுவாங்க. பஸ் ஜன்னலோரம் வைப்பாங்க."

"அப்ப உருகுற சூட்டை ஏத்தணும்."

"ஏத்தினா வெந்நீரும் அதுக்குத் தக்கன கொதிக்கணும். அவ்வளவு சூடான தகட்டை அந்தப் புதுத்தோல் மேல வைக்க முடியுமா?"

இரண்டு பக்கமும் அடைத்த சந்தில் மாட்டிக்கொண்டதுபோல இருந்தது. சூட்டில் இளகவும் வேண்டும், அதே சூட்டில் தொய்ந்து விழவும் கூடாது.

மறுநாள் ஆய்வகத்து மொட்டைமாடியில், ஒரு கறுப்பு டேங்க் மூடிமேல் வெப்பமானியை ஒட்டிப் பார்த்தார்கள். மதியம் அறுபத்தைந்து டிகிரியைத் தாண்டிப் போனது. அவர்களுடைய தகடு அறுபதிலேயே இளகிவிடும். ஆய்வகத்தில் எத்தனையோ சோதனை செய்திருந்தார்கள். வளைத்திருந்தார்கள், இழுத்திருந்தார்கள், வியர்வை போன்ற உப்புநீரில் ஊறப்போட்டிருந்தார்கள். மாடிக்குக் கொண்டுபோக மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

அடுத்த சில வாரங்கள் வீணாகப் போயின. களிமண் துகளைக் கலந்தார்கள், தகடு கனத்தது. வேறொரு பாலிமரைச் சேர்த்தார்கள், வளைத்த இடத்தில் வெடித்தது. பர்ஹத் வீட்டில் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பாள். அம்மா ஆசியா பீவி, "எதையாச்சும் வாயில வைம்மா" என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போனார்.

ஒருநாள், இடம் பற்றவில்லை என்று பழைய மாதிரிகளைத் தூக்கிப்போட அலமாரியை ஒழித்தார்கள். அதில் முந்தின வருடம் கெட்டுப்போனது என்று ஒதுக்கிய தகடு ஒன்று கிடைத்தது. சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் தறிகளிலிருந்து கழிவுப்பஞ்சு வாங்கி, அதைக் கண்ணுக்குத் தெரியாத நானோ இழைகளாகப் பிரித்து, உறுதிக்காகத் தகட்டில் கொஞ்சம் கலப்பது அவர்கள் வழக்கம். இந்தத் தகட்டில் இழை அளவுக்கு மீறிப் போயிருந்தது. வெந்நீரில் போட்டும் தொய்யவில்லை என்று பிரீத்திகா திருப்பி அனுப்பியிருந்தாள்.

பர்ஹத் அதைக் கையில் வைத்துப் பார்த்தாள். வெந்நீரில் தொய்யாதது வெயிலிலும் தொய்யாதல்லவா?

"சார், அந்த மின்சார அடுப்பை எழுபது டிகிரில வைங்க."

தகட்டைக் கண்ணாடிக் குழாய்மேல் குறுக்கே போட்டு அடுப்புக்குள் வைத்தார்கள். வெகுநேரம் கழித்துத் திறந்தபோதும் அது நேராகவே இருந்தது. கையுறை போட்டுக்கொண்டு பர்ஹத் பெருவிரலால் ஓங்கி அழுத்தினாள். விரல் பதிந்தது.

"உள்ள இளகித்தான் இருக்கு" என்றாள். "இழையெல்லாம் ஒண்ணையொண்ணு பிடிச்சுக்கிட்டு வலை மாதிரி நிக்குது. சும்மா விட்டா விழாது. அழுத்தினாத்தான் நகரும். அப்பள மாவு மாதிரி."

நவநீதகிருஷ்ணன் தானும் ஒருமுறை அழுத்திப் பார்த்தார். "ஆனா இம்புட்டு பலமா அழுத்தினா நோயாளி கத்திருவாங்க."

"அழுத்தம் குறையணும்னா இழை குறையணும். குறைஞ்ச இழையும் வலையா நிக்கணும்."

அதுதான் சிரமம். பஞ்சு இழை தண்ணீரை விரும்பும், பாலிமரோடு ஒட்டாது. உள்ளே போனதும் தனித்தனியாகப் பரவாமல் கட்டி கட்டியாகத் திரண்டுகொண்டது. அந்தக் கட்டிகளை உடைக்கிற வேலையை நவநீதகிருஷ்ணன் எடுத்துக்கொண்டார். ஆடிக்காற்று மண்ணை வாரி ஜன்னலில் அடித்த மாதம் முழுவதும் அவர் அந்த மேசையை விட்டு எழவில்லை. தேங்காயெண்ணெயிலிருந்து எடுத்த ஒரு கொழுப்பு அமிலத்தை இழைகளின்மேல் மெல்லிய பூச்சாக ஏற்றினார். பல தடவை தோற்று, கடைசியில் ஒரு கலவை கட்டியில்லாமல் பால்போல வந்தது.

இடையில் சென்னையில் ஆய்வு நிதிக்குழுவின் முன் அரையாண்டு முன்னேற்றத்தைச் சொல்ல வேண்டியிருந்தது. "புதுத் தகடு சரியா வந்தப்புறம் பழையதைப் பத்திச் சொல்லிக்கலாமே" என்றார் நவநீதகிருஷ்ணன். பர்ஹத் கேட்கவில்லை. உருகிப் படுத்த ஸ்பிளிண்டின் படத்தைத்தான் முதலில் காட்டினாள். கேள்விகள் கடுமையாகவே வந்தன. இதை முன்பே சோதித்திருக்க வேண்டாமா என்று ஒருவர் கேட்டார். "சோதிச்சிருக்கணும்" என்றாள். வேலையைத் தொடரலாம் என்று குழு சொன்னது. வெளியே வந்ததும் நவநீதகிருஷ்ணன், "நல்லவேளை, நான் பேசல" என்றார். இருவருக்கும் சிரிப்பு வந்தது.

புரட்டாசியில் புதுத் தகட்டோடு விஸ்வநத்தம் போனார்கள், பிரீத்திகாவும் கூட. வெயில் குறைந்தபாடில்லை. மாவுக்கட்டு விரல்களை மேலும் வளையவிடாமல் காத்திருந்தது. ஆனால் அதன் கனத்தில் மாரிசெல்விக்குத் தோள்பட்டையே இறங்கிவிட்டிருந்தது.

வீட்டு முற்றத்திலேயே வெந்நீர் வைத்து, பிரீத்திகா தகட்டை இளக்கி அவள் கையில் வைத்து அழுத்தினாள். பழையதைவிடக் கொஞ்சம் கூடுதல் அழுத்தம் தேவைப்பட்டது. "தாங்கிக்கிடுவேன், அமுக்குக்கா" என்றாள் மாரிசெல்வி. இறுகியதும் கழற்றி, அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"மேடம், தப்பா நினைக்காதீக. இதை டேங்க் மேல வச்சுப் பாக்கட்டுமா?"

"வைங்க" என்றாள் பர்ஹத். அடுப்பில் வைத்துப் பார்த்ததுதான், ஆய்வகத்து மாடியில் வைத்துப் பார்த்ததுதான். இருந்தாலும் அவள் மாடிப்படியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாரிசெல்வியே படியேறிப் போய் ஸ்பிளிண்டை டேங்க் மூடிமேல் வைத்துவிட்டு வந்தாள். வந்தவர்களுக்குச் சாப்பாடு போட்டாள். சிவபாண்டி பரிமாறினான். கத்திரிக்காய்க் குழம்பு நன்றாக இருக்கிறது என்று நவநீதகிருஷ்ணன் இரண்டு முறை சொன்னார்.

உச்சிவெயில் சாய்ந்ததும் எல்லோரும் மேலே ஏறினார்கள். மாரிசெல்வி முன்னால் போனாள். டேங்க் பக்கத்தில் நின்று, இடது கையால் ஸ்பிளிண்டைத் தொட்டு, "ஆத்தி, சுடுது" என்று கையை உதறினாள். பிறகு முந்தானையால் பிடித்துத் தூக்கினாள். விரல்கள் நீண்டபடியே இருந்தன. உள்ளங்கைக் குழி அப்படியே இருந்தது. நிழலில் ஆறவைத்துக் கையைப் பொருத்தினாள். சரியாகப் பொருந்தியது.

கையைப் பொருத்துவதும் எடுப்பதுமாக நின்றாள். பிறகு நவநீதகிருஷ்ணனிடம், "சார் அன்னைக்கு மோரைக் குடிக்காம வச்சுட்டுப் போனீக. இன்னைக்குக் குடிச்சுட்டுத்தான் போகணும்" என்றாள்.

அவர் இரண்டு டம்ளர் குடித்தார்.

விரல்கள் ஒரே நாளில் நிமிரவில்லை. பிரீத்திகா வாரந்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகத் தகட்டைத் திரும்ப இளக்கி, விரல்களை இன்னும் சற்று நீட்டி வைத்தாள். மோதிர விரல் பொங்கலுக்குள் நேராகிவிட்டது. சுண்டு விரல் மட்டும் முழுக்க வரவில்லை. அதற்குச் சின்ன ஆபரேஷன் தேவைப்படலாம், ஆனால் அவசரமில்லை என்று டாக்டர் சொன்னார். மற்ற நோயாளிகளுக்கும் புதுத் தகட்டைப் போட ஆரம்பித்தார்கள்.

மாசி மாதம் ஒரு காலையில், புதுத் தகடுகளைக் கட்டாகக் கட்டிக் கொண்டுவந்து இறக்கிவைக்க பர்ஹத் ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தாள். வாசலில் ஒரு டிவிஎஸ் எக்ஸெல் வந்து நின்றது. ஓட்டி வந்தவள் மாரிசெல்வி. வலது கை ஆக்ஸிலேட்டரில் இருந்தது. பின்னால், முழங்கைவரை கட்டுப் போட்ட நடுவயதுப் பெண் ஒருத்தி பயந்துபோய் உட்கார்ந்திருந்தாள்.

"வெள்ளைத்தாய், மேடம். எங்க தெருவுதான்" என்றாள் மாரிசெல்வி, வண்டியை ஸ்டாண்ட் போட்டபடி. "போன மாசம் அடுப்புல பட்டுக்கிடுச்சு. ஆஸ்பத்திரின்னாலே வரமாட்டேன்னா. நான்தான் வண்டில ஏத்திட்டு வந்தேன்."

"நீங்க வண்டி ஓட்டலாம்னு பிரீத்திகா சொன்னாளா?"

மாரிசெல்வி நாக்கைக் கடித்துக்கொண்டாள். "இனிமேதான் மேடம் கேக்கணும்."

உள்ளே வராந்தாவிலிருந்து பிரீத்திகாவின் குரல் கேட்டது. "மாரிசெல்வி! அது யாரு வண்டி?"

"வாங்கக்கா, சீக்கிரம் உள்ள போயிருவோம்" என்று வெள்ளைத்தாயின் தோளை அணைத்துக்கொண்டு மாரிசெல்வி படியேறினாள். பர்ஹத் தகட்டுக்கட்டைத் தூக்கிக்கொண்டு அவர்கள் பின்னால் போனாள்.