தடைக்காலத்தில் ஒரு மலை

மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி மூன்று வாரம் ஆவதற்குள் பூவராகன் வீட்டிலிருக்கும் பீரோவை இரண்டு முறை இடம் மாற்றிவிட்டான். ஏப்ரல் பதினைந்திலிருந்து ஜூன் பதினான்கு வரை விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகக் கூடாது. மீன்கள் குஞ்சு பொரிக்க வேண்டுமாம். பொரிக்கட்டும், யார் வேண்டாம் என்றது? அந்த அறுபத்தோரு நாளும் பூவராகன் மாதிரி ஆட்களை வீட்டில் வைத்துக்கொண்டு பெண்டாட்டிமார் என்ன பாடுபடுவது என்று அந்த உத்தரவில் ஒரு வரி எழுதியிருக்கலாம்.

கடலூர் துறைமுகத்தில் அவன் படகு டிரைவர். இருபத்திரண்டு வருஷ அனுபவம். விடிந்ததும் துறைமுகத்துக்குப் போவான், பெயிண்டு அடிக்கக் கரையேற்றியிருக்கும் படகைச் சுற்றி வருவான், பெயிண்டுக்காரனிடம் ஒரு குற்றம் கண்டுபிடிப்பான், ஒரு டீ குடிப்பான், வீட்டுக்கு வருவான். அரை மணி நேரத்தில் மறுபடியும் கிளம்புவான்.

"குட்டி போட்ட பூன மாதிரி ஏன் சுத்திகினே இருக்க மாமா? ஒரு எடத்துல ஒக்காரேன்" என்பாள் தனம். கருவாட்டை ரகம் பிரித்துக் கூடையில் அடுக்கிக்கொண்டே சொல்வாள். அவள் கை மட்டும் நின்று யாரும் பார்த்ததில்லை.

இந்த நிலையில்தான் மகள் தீபிகா ஒரு ஃபாரத்தோடு வந்தாள். சிதம்பரத்தில் கல்லூரி முதல் வருஷம் முடித்து, என்.சி.சி.யில் பேர் வாங்கியிருந்தாள். அங்கிருந்து மலையேற்றப் பயிற்சிக்கு அவளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். வடக்கே, உத்தரகாண்டில், பனிமலையில் இருபத்தெட்டு நாள். ஜூன் பதினைந்தாம் தேதி ரயில். வீட்டில் கையெழுத்து வாங்கித் திங்கட்கிழமை கொடுத்துவிட வேண்டும். அந்த வீட்டில் கையெழுத்து என்றால் அது பூவராகன் கையெழுத்துதான். கேஸ் புத்தகத்திலிருந்து பள்ளிக்கூட ரேங்க் கார்டு வரைக்கும் வேறு யாரும் போட்டதில்லை.

"கடலோரத்துல பொறந்துட்டு உனக்கு மலையில என்னாடி வேல?" என்றான்.

"நீ ஒரு மலையாச்சும் ஏறியிருக்கியாப்பா?"

"ஆமா, பெரிய மலை! புயல்ல ஆடுற படகுல நிக்கிறவன் நானு. மலை எங்கியும் ஆடாது, அசையாது, அது பாட்டுக்கு நிக்கும். அதுல ஏர்றதுக்கு ட்ரெய்னிங் வேறயா?"

"அப்போ வா. ஞாயித்துக்கெழம ஒரு மலை ஏறிட்டு வருவோம். ஏறிட்டு வந்து கையெழுத்து போடு."

அவளுக்குத் தெரியும், சும்மா உட்கார்ந்திருக்கும் மனுஷனிடம் எங்காவது போகலாம் என்று சொன்னால் போதும் என்று. "ஏறிட்டுச் சொல்றேன்" என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டான் பூவராகன்.

தனத்தின் தம்பி அருள்மொழி சிதம்பரத்தில் வாடகைக் கார் ஓட்டுகிறவன். ஞாயிறு காலை ஐந்து மணிக்கெல்லாம் வண்டியோடு வாசலில் வந்து நின்றான். போக வேண்டிய இடம் கல்வராயன் மலை. பூவராகன் முன் சீட்டில் ஏறிக்கொண்டு, கண்ணாடியை இறக்குவதும் ஏற்றுவதுமாக இருந்தான். "அந்த லாரிய முந்து மச்சான்" என்றான். முந்தினால், "ஏன் இவ்ளோ வேகம்?" என்றான். தனம் பின்னால் கருவாட்டுக் குழம்புத் தூக்கை மடியில் வைத்திருந்தாள். வடலூர் தாண்டுகிற வரைக்கும் அதன் மூடியைத் திறக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். வள்ளலார் ஊருக்குள் கருவாட்டு வாசம் அடித்தால் பாவம் என்பது அவள் கணக்கு. தாண்டியதும் மூடி திறந்தது, இட்லி நனைந்தது, விருத்தாசலம் வருவதற்குள் தூக்கு காலி.

கள்ளக்குறிச்சி தாண்டி மலை கண்ணில் பட்டதும், "இவ்ளோதானா?" என்றான் பூவராகன். எட்டாவது கொண்டை ஊசி வளைவில் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி, ரோட்டோரமாகக் குனிந்து வாந்தி எடுத்தான். இருபத்திரண்டு வருஷத்தில் கடலில் ஒருநாள்கூட அவனுக்குக் குமட்டியதில்லை. அருள்மொழி சிரிப்பை அடக்க முடியாமல் டயரைப் பார்ப்பது போல வண்டிக்கு அந்தப் பக்கம் போனான்.

"வண்டிதான் சரியில்ல" என்றான் பூவராகன், தனம் கொடுத்த எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே.

மலைமேல் ஒரு சிற்றூரில் வண்டி நின்றது. அங்கிருந்து மேற்கே ஒன்றரை மணி நேரம் ஏறினால் உச்சியில் ஒரு மொட்டைப்பாறை. ஊர்க்காரர்கள் ஆடு மேய்க்கப் போகும் வழிதான். முட்டிவலிக்காரனான அருள்மொழி வண்டியிலேயே படுத்துக்கொண்டான். மூன்று பேரும் ஏறினார்கள். பூவராகன் யாரோ துரத்துகிற மாதிரி முன்னால் போனான். தீபிகா அளந்து மூச்சு விட்டு நடந்தாள். தனம் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வழியில் கிடந்த நெல்லிக்காயைப் பொறுக்கிக்கொண்டு வந்தாள்.

உச்சியில் போய் நின்றதும் பூவராகன் நாலு பக்கமும் பார்த்தான். எங்கும் மலை, பச்சை, புகைமூட்டம். கடல் தெரியவில்லை.

"வந்தாச்சு. அப்பறம்?"

"ஒக்காருப்பா. பாரு."

"பாத்துட்டேனே. கெளம்பலாமா?"

கையெழுத்தைப் பற்றி அவன் பேசவில்லை. அவளும் கேட்கவில்லை. இறங்கிய பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

இறங்கும்போது மணி இரண்டு. வானம் நன்றாக மூடிக்கொண்டு வெயில் எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை. மரங்களுக்குள் கொஞ்சதூரம் வந்ததும் வழி இரண்டாகப் பிரிந்தது. ஏறும்போது இந்தப் பிரிவை யாரும் கவனிக்கவில்லை. தீபிகா பையிலிருந்து திசைகாட்டியை எடுத்தாள்.

"எடது பக்கம்ப்பா. ஊரு கெழக்கால இருக்குது."

பூவராகன் முகத்தைத் தூக்கிக் காற்றைப் பார்த்தான். வலது பக்கத்திலிருந்து குளுகுளுவென்று வந்துகொண்டிருந்தது.

"கெழக்கு இந்தப் பக்கம். மத்தியானத்துக்கு மேல காத்து எங்கேர்ந்து வரும்? கடக்காத்து கெழக்கேர்ந்துதான் வரும். அந்த டப்பாவ உள்ள வையி."

"இது மலைப்பா. இங்க காத்து வேற மாதிரி..."

"எனக்கே காத்து சொல்லித் தர்றியா?"

தீபிகாவுக்குத் திங்கட்கிழமை நினைவுக்கு வந்தது. இப்போது அப்பாவை மடக்கிவிட்டால் நாளைக்குக் கையெழுத்து கிடைக்காது. திசைகாட்டியைப் பையில் போட்டாள். பிறந்ததிலிருந்து கடற்காற்றைத் தவிர வேறு காற்று தெரியாத மனுஷன், மலைச்சரிவில் பள்ளத்திலிருந்து மேலேறி வந்த காற்றை நம்பி, பெண்டாட்டியையும் மகளையும் அழைத்துக்கொண்டு நேர் மேற்கே நடந்தான்.

ஒரு மணி நேரம் நடந்தார்கள். வழி ஒற்றையடியாயிற்று, பிறகு முள்ளாயிற்று, பிறகு இல்லாமல் போயிற்று. எதிரே செங்குத்தான பள்ளம். காற்று அங்கிருந்துதான் வந்துகொண்டிருந்தது. போனில் சிக்னல் இல்லை, பாட்டிலில் தண்ணீர் இல்லை. கால் பிசகிய தனம் ஒரு பாறைமேல் உட்கார்ந்துவிட்டாள்.

பூவராகன் பள்ளத்தைப் பார்த்தபடி நின்றான். மன்னிப்புக் கேட்கும் பழக்கம் அவனுக்கு இல்லை. "ச்சே" என்று மட்டும் சொன்னான்.

"நான் மேல போய் வழிய புடிச்சுட்டு வரேன். நீங்க ரெண்டு பேரும் எடத்த விட்டு அசையாதீங்க. முக்கா மணி நேரம்" என்றாள் தீபிகா.

"நீ ஒண்ணும் போவ வேணாம். நான் போறேன்."

"நீ போனா உன்னையும் சேத்து நான் தேடணும்ப்பா."

அவன் அடிக்கக் கை ஓங்கினான். தனம் நடுவில் புகுந்து, "போவட்டும்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். தீபிகா மரங்களுக்குள் ஏறி மறைந்தாள்.

முதல் பத்து நிமிஷம் பூவராகன் திட்டிக்கொண்டிருந்தான். மலையை, அருள்மொழியை, கல்லூரியை, என்.சி.சி.யை. அரை மணி ஆனதும் பேச்சு நின்றது. முன்னும் பின்னும் நடக்க ஆரம்பித்தான். முக்கால் மணி ஆயிற்று. கை இரண்டையும் வாயருகே குவித்து, "பாப்பா!" என்று கத்தினான். குரல் போய் எங்கோ மோதித் திரும்பி வந்தது. ஒரு மணி ஆனபோது என்னென்னவோ தோன்ற ஆரம்பித்தது. கரடி இருக்குமோ? கால் தவறியிருக்குமோ? எவனாவது தனியாகப் பார்த்து... அதற்கு மேல் நினைக்க முடியாமல் தலையில் அடித்துக்கொண்டான். எஞ்சின் நடுக்கடலில் நின்றபோதுகூட அவனுக்கு இப்படி ஆனதில்லை. அங்கே கையில் ஒரு ஸ்பேனராவது இருக்கும்.

திரும்பிப் பார்த்தால் தனம் மடியிலிருந்த நெல்லிக்காயை ஒவ்வொன்றாகத் துடைத்து, நல்லது ஒரு பக்கம், சொத்தை ஒரு பக்கம் என்று பிரித்துக்கொண்டிருந்தாள். அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பெத்த பொண்ணு காட்டுல போயிருக்குது. உனக்கு நெல்லிக்கா கேக்குதா? எப்பிடிடி ஒன்னால ஒக்கார முடியுது?"

"ஒக்காராம? வழியப் பாத்துகினே நின்னா சீக்கிரம் வந்துடுவாளா?" தனம் நிமிரவில்லை. "ஒனக்கு இது மொத தடவ. அதான் ஆட்டம் ஜாஸ்தியா இருக்குது."

"எது மொத தடவ?"

"காத்துக் கெடக்கிறது."

அவள் தொடர்ந்தாள்.

"இவ கைக்கொழந்தையா இருக்கும்போது எஞ்சின் ரிப்பேருன்னு மூணு நாளு நீ வரல, நெனவிருக்குதா? மொத நாளு வூட்டுல இருக்கிற ஏனமெல்லாம் தேச்சேன். ரெண்டாம் நாளு மறுபடியும் தேச்சேன். மூணாம் நாளு தேய்க்க ஒண்ணுமில்ல. தோட்டத்துல இருந்த மண்ணு அடுப்ப இடிச்சுட்டு புதுசா ஒண்ணு கட்டினேன். சாயங்காலம் நீ வந்த. வந்து மொதல்ல என்னா சொன்ன தெரியுமா? அடுப்பு என்னாடி இவ்ளோ கோணலா இருக்குதுன்னு கேட்ட."

பூவராகனுக்கு அது நினைவில் இல்லை. கோணல் அடுப்பு மட்டும் ஞாபகம் இருந்தது. அதில் வருஷக்கணக்கில் குழம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்து கொதித்தது.

அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். ஒரு நெல்லிக்காயை எடுத்துத் துடைக்கப் பார்த்தான். கீழே வைத்துவிட்டு மறுபடியும் எழுந்து நின்றான்.

தீபிகா வந்தபோது ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது. போன பக்கத்திலிருந்து வராமல் இடப்பக்கச் சரிவிலிருந்து இறங்கி வந்தாள். முழங்கையில் சிராய்ப்பு, கையில் நிரம்பிய தண்ணீர்ப் பாட்டில். "வழி புடிச்சுட்டேன். சுனையும் இருக்குது. அம்மாவ மெதுவா கூட்டிட்டுப் போலாம்" என்றாள், வேலை முடித்த ஆள் மாதிரி.

பூவராகன் அவளை அடிக்கவில்லை. கட்டிப்பிடிக்கவும் இல்லை. தண்ணீரை வாங்கித் தனத்திடம் கொடுத்துவிட்டு, தனத்தின் தோளைத் தாங்கிக்கொண்டு மகளுக்குப் பின்னால் நடந்தான். ஊர் போய்ச் சேருகிற வரைக்கும் அவள் முதுகைத் தவிர வேறெதையும் அவன் பார்க்கவில்லை.

வண்டிக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடை. எல்லாருக்கும் டீ வந்தது. இன்னும் வெளிச்சம் இருந்தது. தீபிகா பையிலிருந்து ஃபாரத்தை எடுத்து, பேனாவோடு அவன் முன்னால் வைத்தாள். கேட்கத் தேவையில்லை என்றே நினைத்தாள். வழி கண்டுபிடித்து அழைத்து வந்தவள் அவள்தானே.

"போட மாட்டேன்" என்றான் பூவராகன்.

"அப்பா!"

"உனக்குத் தெறம இல்லன்னு சொல்லல பாப்பா. இருக்குது. பாத்துட்டேன். ஆனா என்னால முடியாது. ஒன்றர மணி நேரத்துல உயிரு போயிடுச்சு. இருவத்தெட்டு நாளு நான் எங்க போறது? திட்டு, என்னா வேணாலும் பண்ணு, நான் போட மாட்டேன்." அவன் குரல் உடைந்தது. அருள்மொழி டீயைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தான்.

தீபிகா அழவில்லை. ஃபாரத்தை மடிக்கப் போனாள். தனம் கையை நீட்டி அதைப் பிடித்தாள்.

"இதுல அம்மா போட்டா ஒத்துக்குவாங்களா?"

"ஒத்துக்குவாங்க. அப்பா இல்லன்னா அம்மான்னுதான் போட்டிருக்குது."

"அப்பறம் ஏன்டி எங்கிட்ட கேக்கல?"

தீபிகா தயங்கினாள். "அப்பாவக் கேட்டுக்கோன்னு சொல்லுவ."

"சொல்லியிருப்பேன். நேத்து வரைக்கும் சொல்லியிருப்பேன்." தனம் பேனாவை வாங்கினாள். "எங்க போடணும்? காட்டு."

"தனம்" என்றான் பூவராகன். அதட்டலாகத் தொடங்கிய சத்தம் கெஞ்சலாக முடிந்தது. "இருவத்தெட்டு நாளுடி."

"ஆமா. நீயும் அதே பதினஞ்சாந்தேதிதான் கடலுக்குப் போற. இத்தன வருஷமா ஒனக்குக் காத்திருந்தேனே, நீ போவாதன்னு ஒரு நாளாச்சும் சொன்னேனா? சொல்லணும்னு நெனைக்காத நாளு ஒண்ணு கெடையாது. இவகிட்ட மட்டும் எப்பிடி சொல்றது? ரெண்டு பேருக்கும் சேத்து நான் இருந்துக்கறேன். எனக்குப் பழக்கம்."

எட்டாம் வகுப்போடு நின்ற கை. மேசையில் குனிந்து, ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள். பூவராகன் எழுந்து போகவில்லை. அவள் எழுதி முடிக்கிற வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருந்தான். கடலுக்குப் போவது எவ்வளவு சுலபமான வேலை என்று அவனுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.